ஒட்டும் இல்லை, உறவும் இல்லை

பரளச்சி,
ஐப்பசி 20

அன்புள்ள சுந்தராம்பாள் அக்காவுக்கு,

தங்கச்சி மாரிக்கனி எழுதுவது. நான் நலம் என்று எழுத வரவில்லை. உன் நலமறிய ஆவல் என்பது மட்டும் முழு நிஜம். கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துவிடாதே. என் நம்பரை நீ பிளாக் பண்ணி ஐந்து வருஷமாகிறது, அதனால்தான் கடிதம்.

இங்கே நல்ல மழை. பருத்தி முளைத்து, ஊடே போட்ட உளுந்தும் தலைகாட்டிவிட்டது. நான் காட்டுக்குப் போவதில்லை. மருந்து ஏற்றிய நாளிலிருந்து பகலும் தூக்கமும் கலந்தே கிடக்கின்றன. கட்டிலில் படுத்தால் கூரைக்கு மேலே மேகம் நகர்வது தெரிகிற மாதிரி இருக்கிறது.

ஆவணியில் மார்பில் கட்டி தட்டுப்பட்டது. மதுரையில் கேன்சர் என்றார்கள். ஸ்கேனில் சினைப்பையிலும் ஒன்று தெரிந்தது. மார்பில் உள்ளதுதான் பரவியிருக்கும், அப்படியென்றால் கஷ்டம் என்று டாக்டரம்மா என் வீட்டுக்காரரிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு ரகசியம் காக்கத் தெரியுமா? பஸ்ஸில் காரியாபட்டி வரை மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார்.

அப்புறம் அந்தச் சதையையும் எடுத்து டெஸ்ட் பண்ணினார்கள். ரெண்டும் வேற வேற கேன்சர் என்று டாக்டரம்மா சிரித்த முகமாகச் சொன்னார். ரெண்டு என்பதற்கு என்ன சிரிப்பு என்று கோபம் வந்தது. அது பெத்த பிள்ளையா இது என்று கேட்டேன். இல்லம்மா, தனித்தனியா முளைச்சது, ஒண்ணுக்கொண்ணு ஒட்டும் இல்லை உறவும் இல்லை, ரெண்டும் ஆரம்பம்தான், எடுத்துரலாம் என்றார். பருத்தியும் உளுந்தும் மாதிரி என்று புரிந்துகொண்டேன்.

அம்மா கருமாதியன்று நீ சொன்ன அதே வார்த்தை, அக்கா. வயித்து வீக்கத்தை வாயு என்று சொல்லி வீட்டிலேயே வைத்து நான் அம்மாவைக் கொன்றுவிட்டேன் என்றாய். இனி உனக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று பஸ் ஏறினாய். அதனால் கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று டாக்டரம்மா கேட்டபோது இல்லை என்றேன். அவரும் எழுதிக்கொண்டார்.

இல்லை என்று சொன்ன அன்று மத்தியானமே அம்மா கனவில் வந்தது. காடு முழுக்கப் பருத்தி வெடித்து வெள்ளையாகக் கிடக்கிறது. மடி நிறையப் பஞ்சோடு வந்து, ரெண்டு பேரும் பங்கு வச்சுக்கோங்க என்றது. உன்னைக் காணோம். உன் பங்கையும் நானே வாங்கிக்கொண்டு ஓடினேன். முழித்தபோது மடியைத் தடவிப் பார்த்தேன்.

மறுநாளே போய், எனக்கு ஒரு அக்கா உண்டு என்று எழுத வைத்தேன். ரத்தத்தையும் சோதித்துவிட்டார்கள். இது அம்மா வழியில் வந்த கோளாறாக இருக்கலாமாம், அம்மாவின் வயித்து வீக்கமும் இதுவாகவே இருந்திருக்கலாமாம். உனக்கும் இருக்கலாமாம்.

உன் கோபம் அப்படியே இருக்கட்டும். நீ வரவேண்டாம், பேசவும் வேண்டாம். இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கும் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நீ இருக்கிற புனேயிலேயே ஒரு டாக்டரிடம் போ. எனக்கு வந்த ரெண்டில் ஒன்று உன் பங்குதான் என்று நினைத்துக்கொண்டுதான் தூங்குகிறேன். அதை நான் வாங்கியாயிற்று, உனக்கு ஒன்றும் மிச்சம் இருக்கக் கூடாது. ஆனாலும் போய்ப் பார்த்துவிடு, அக்கா.

உன் கூடப்பிறந்தவள்,
மாரிக்கனி