பீப்பாயின் அடிவயிறு

மார்ச் 3, திங்கள்

பன்னிரண்டாவது பீப்பாயும் பாரிலிருந்து எங்கள் பீர் ஆலைக்குத் திரும்பி வந்துவிட்டது. பீர் புளிக்கிறதாம். பதினொரு வருடமாகப் பீப்பாய் கழுவும் மெஷினில் நிற்கிற எங்கள் செக்ஷன் அக்காவுக்கு மேலாளர் கடிதம் கொடுத்துவிட்டார்: வெள்ளிக்குள் காரணம் சொல்லாவிட்டால் வேலை இல்லை. பாரில் எவனோ முகம் சுளித்தான் என்று இங்கே ஒருத்தியின் வயிற்றில் அடிப்பதா?

அக்கா சிரித்தாள். "குடிச்சவன் ஜாலியா வீட்டுக்குப் போறான். குடிக்காத என்னையும் வீட்டுக்கு அனுப்பறாங்க."

மார்ச் 4

ஒரே மெஷின், ஒரே சுடுதண்ணீர், ஒரே மருந்து. தினமும் நானூறு எஃகுப் பீப்பாய் கழுவுகிறோம். இந்தப் பன்னிரண்டு மட்டும் ஏன்?

சாப்பாட்டு இடைவேளையில் அவற்றை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அடித்தட்டு உள்ளே நசுங்கியிருக்கிறது. லாரியிலிருந்து தொப்பென்று போட்டதில் வந்தது. நசுங்கியதை ஒதுக்கக் கூடாது என்பது மேலாளர் உத்தரவு. ஓட்டை இல்லையே, ஓடட்டும் என்பார்.

சரி. நசுங்கினால் பீர் ஏன் புளிக்கவேண்டும்?

மார்ச் 5

அதையே யோசித்து பஸ்ஸைத் தவறவிட்டேன்.

மார்ச் 6

காலையில் பாத்திரம் கழுவும்போது குழாய்த் தண்ணீர் கரண்டிக் குழியில் பட்டு முகத்திலேயே அடித்தது. அம்மா திட்டத் திட்ட, கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பீப்பாய்க்கு நடுவே நீளமாக ஒரு குழாய் உண்டு. பீர் வெளியே வருவது அதன் வழியாகத்தான். கழுவும்போது பீப்பாயைக் கவிழ்த்து, அதே குழாயில் தண்ணீரை மேலே பீய்ச்சுகிறோம். அது, கவிழ்த்ததால் மேலே வந்துவிட்ட அடித்தட்டில் மோதி, குடை மாதிரி விரிந்து, சுற்றிலும் வழியவேண்டும். தட்டு நசுங்கியிருந்தால் — ஒரு பக்கமாகத் தெறிக்காதா? மறுபக்கம்?

ஆலை வெல்டர் அண்ணனிடம் அந்தப் பன்னிரண்டில் ஒன்றை வெட்டித் தரச் சொன்னேன். "பீப்பாயோட சேத்து என் தலையையும் வெட்டுவாங்க, பரவாயில்லையா?" என்றார். ஆனாலும் உள்ளிருந்த பீரையும் வாயுவையும் வெளியேற்றிவிட்டு நெடுக்காக வெட்டினார். ஒரு பாதி பளபளத்தது. மறுபாதியில் மேலிருந்து கீழ்வரை பழுப்புப் பாசி, புளித்த வாடையோடு.

அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மார்ச் 7, வெள்ளி

இரண்டு பாதியையும் மேலாளர் மேஜைமேல் வைத்தோம். யாரைக் கேட்டு வெட்டினீர்கள் என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. பாசியைப் பார்க்கவே இல்லை.

அக்காதான் சொன்னாள்: "கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா சார்? தொட்டுப் பாருங்க."

தொட்டார். விரலை முகர்ந்தார். கைக்குட்டையில் துடைத்தார், திரும்பவும் துடைத்தார்.

எனக்கும் வெல்டருக்கும் எச்சரிக்கைக் கடிதம். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மார்ச் 10, திங்கள்

அக்கா வந்திருந்தாள். முதல் பீப்பாயைக் கவிழ்த்து அடியில் உள்ளங்கையை வைத்தாள். மெஷினுக்கு அனுப்பினாள். இரண்டாவதை உருட்டி ஓரமாக விட்டாள். ஐந்தாவதும் ஓரத்துக்குப் போயிற்று. மேலாளர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒதுக்கியவை வழியை அடைத்துக்கொண்டன. அவர் குனிந்து, தானே ஒன்றை இன்னும் கொஞ்சம் ஓரமாக உருட்டிவிட்டுப் போனார்.