‘ஏறி வா’ என்று எழுதிய ஆரோக்கியத்துக்கு

என் அன்புத் தம்பி ஆரோக்கியம்,

உன்னிடம் ஒரு புகார் சொல்லத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். முடிக்கும்போது அது புகாராக இருக்காது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ போய் ஒன்றரை வருஷமாகிறது. லிங்கராஜபுரத்தில் அந்த பேக்கரி மாடியில் நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இன்னும் நடக்கிறது. நீ உட்காரும் ஜன்னலோர நாற்காலியில் யாரையும் உட்கார விடுவதில்லை என்று சொல்ல ஆசைதான். பொய். யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் உட்காருகிறார்கள், அங்கேதான் காற்று வருகிறது.

புதிதாக எழுத வருகிற பிள்ளைகளிடம் நீ என்ன சொல்வாய்? “எழுது, மொதல்ல எழுது. தப்பா எழுது, நீட்டி எழுது, கவலப்படாத. கத்திரிக்கோல் எங்க அக்கா கையில இருக்கு.” எல்லாரும் சிரிப்பார்கள். கூடப் பிறக்காத அக்கா நானும் பெருமையாகச் சிரிப்பேன். அச்சகத்தில் இருபது வருஷம் புரூஃப் பார்த்தவள் இல்லையா? தங்கவயல் ரயிலில் கதவோரம் உட்கார்ந்தபடி, அட்டையைத் தொடையில் வைத்து நீ கிறுக்கிக்கொண்டு வந்த கதைகளை எல்லாம் சிவப்பு மை ஊற்றிக் குளிப்பாட்டி அச்சுக்கு அனுப்பியவள் நான்தானே.

ஒரு மாதத்துக்கு முன்னால் கௌதமி என்று ஒரு பெண் வந்தாள். நீலசந்திராவில் வீடு, மெடிக்கல் ஷாப்பில் வேலை. இருபத்திரண்டு வயதுக்குள்தான் இருக்கும். முதல் நாளே எனக்கு அவள் மேல் சந்தேகம். என் புத்தி உனக்குத் தெரியும். பால்காரர் முகத்தைப் பார்த்தே பாலில் தண்ணீர் கண்டுபிடிக்கிற ஆள். இப்போது செல்போனிடம் கேட்டால் அதுவே கதை எழுதிக் கொடுத்துவிடுகிறதாமே. இந்தப் பெண்ணும் போனைப் பார்த்துத்தான் படித்தாள். இவள் எழுதினாளா, போன் எழுதியதா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

கதை நன்றாக இருந்தது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. உயரமான கண்ணாடிக் கட்டடங்களில் மொட்டைமாடியிலிருந்து கயிற்றில் இறங்கிக் கண்ணாடி துடைக்கிற ஒருவன். காலையில் டிபன் டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டு அவன் பெண்டாட்டி ஒரே ஒரு வார்த்தை சொல்கிறாள். “ஏறி வா.”

நம் வழக்கப்படி அவள் எனக்கு ஒரு பிரதி அச்செடுத்துக் கொடுத்திருந்தாள். என் பேனா தானாகப் போய் அந்த வார்த்தையை அடித்து, மேலே ‘போய் வா’ என்று எழுதிவிட்டது. எழுதிய பிறகுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தத் திருத்தத்தை என் கை எத்தனை தடவை செய்திருக்கிறது! எல்லாம் உன் கதைகளில்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஆபீசுக்குக் கிளம்புகிறவன், கடைக்குப் போகிறவள், யாராக இருந்தாலும் உன் கதையில் வீட்டில் இருப்பவர்கள் “ஏறி வா” என்பார்கள். “என்னடா இது, பஸ் கண்டக்டர் கூப்பிடற மாதிரி? ஏறி வா, ஏறி வா, சிவாஜிநகர், சிவாஜிநகர்!” என்று நான் கிண்டல் செய்தேன். “எங்க வீட்ல அப்படித்தான்க்கா சொல்வாங்க” என்றாய். “உங்க வீட்ல சொல்றதெல்லாம் தமிழாயிடுமா?” என்றேன். நீ சிரித்தாய். அடுத்த கதையிலும் அதையே எழுதினாய், நானும் விடாமல் அடித்தேன்.

ஆக, அந்த வார்த்தை அச்சில் எங்கேயும் கிடையாது. நான்தான் விடவில்லையே! உன் கையெழுத்து நோட்டுகளில் மட்டும்தான் இருக்கிறது. அப்படியென்றால் இந்தப் பெண் அதை எங்கே பார்த்தாள்? என் மண்டையில் மணி அடித்துவிட்டது. இறந்து போனவன், கேட்க நாதியில்லை என்று உன் கதையை எடுத்துப் பேரை மாற்றிப் படிக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். அந்த நிதானம் எனக்கு என்றைக்கு இருந்தது?

“இந்த வார்த்தை எங்கேர்ந்து எடுத்தே?”

“எந்த வார்த்தை ஆன்ட்டி?”

“ஏறி வா.”

“அதுவா? எங்க வீட்ல அப்படித்தான் ஆன்ட்டி சொல்வாங்க.”

உன் பதிலையே எனக்குச் சொல்கிறாள் பார்! திருடி, வார்த்தையோடு பதிலையும் சேர்த்துத் திருடியிருக்கிறாள் என்று தோன்றியது. “யார் நோட்டைப் பாத்து எழுதினே, அதச் சொல்லு மொதல்ல” என்றேன். பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கௌதமி போனைப் பைக்குள் போட்டாள். அழவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனாள். அடுத்த இரண்டு ஞாயிறும் வரவில்லை.

வராதது எனக்குச் சாட்சி மாதிரி ஆகிவிட்டது. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான் என்று கறுவிக்கொண்டு, நேராக உன் வீட்டுக்கு, உன் பெண்டாட்டியைப் பார்க்கப் போனேன். ஸ்டெல்லா உன் நோட்டுகளைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டாளோ, யாருக்காவது படிக்கக் கொடுத்தாளோ என்று அவள் மேலும் சந்தேகம். அவள் பெட்டியைத் திறந்து காட்டினாள். எல்லா நோட்டும் இருந்தன. கட்டுக்கு நீ போட்ட முடிச்சுகூட அவிழ்க்கப்படவில்லை. நான் அப்போதும் விடாமல் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன்.

“அவர் உங்களப் பத்தி என்ன சொல்வார் தெரியுமாக்கா?” என்றாள் ஸ்டெல்லா. “எங்க அக்கா சாமி கும்புடறப்பகூட ஒரு கண்ணத் தொறந்து வெச்சிருப்பாங்கன்னு.”

சொன்னாயா நீ? என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாமே.

அப்புறமும் என் ஆத்திரம் அடங்கவில்லை. கூட்டத்து நோட்டில் கௌதமி எழுதியிருந்த விலாசத்தைப் பார்த்து, அவள் தந்த பிரதியையும் எடுத்துக்கொண்டு, போன சனிக்கிழமை காலை நீலசந்திராவுக்குப் போனேன். கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்றுதான் போனேன், உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

அவள் அம்மா சுசீலா கதவைத் திறந்தார். நான் யாரென்று சொன்னதும், “உள்ள வாங்கக்கா, ஊட்டா ஆச்சா, சாப்ட்டீங்களா?” என்றார். பாவம், நான் செய்த வேலையை மகள் வீட்டில் சொல்லவே இல்லை போலிருக்கிறது. காப்பி வந்தது. கௌதமி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் பார்க்காதது போல் செருப்பை மாட்டினாள். வாசலைத் தாண்டியபோது, சுசீலா அடுப்பிலிருந்து தலையைக்கூடத் திருப்பாமல் சொன்னார்.

“ஏறி வா கண்ணு.”

டம்ளர் என் கையிலேயே நின்றுவிட்டது. “என்னம்மா சொன்னீங்க?” என்றேன்.

“அதாக்கா? எங்கப்பா தங்கவயல்ல மைன்ஸ்ல வேல பாத்தவரு. பூமிக்கு அடியில எறங்கணும். எறங்கறவங்ககிட்ட போயிட்டு வான்னு சொல்ல மாட்டோம். போறது யாரு வேணா போயிடலாம். ஏறி வரணும்ல? எங்க குவார்ட்டர்ஸ் லைன்ல எல்லா வீட்லயும் அப்படித்தான் சொல்வாங்க. மைன்ஸ மூடியாச்சு, வாய் மட்டும் மாறல. என் தம்பி இப்போ பில்டிங்ல கயிறு கட்டி கண்ணாடி தொடைக்கறான், அவனுக்கும் அதேதான் சொல்றேன்.”

எல்லா வீட்டிலும், ஆரோக்கியம்! உன் வீட்டு விளையாட்டுப் பேச்சு என்று நான் நினைத்த வார்த்தையைச் சொல்லித்தான் ஒரு ஊரே தன் ஆண்களைச் சுரங்கத்துக்குள் அனுப்பியிருக்கிறது. உன் அப்பாவும் சுரங்கத்தில் இறங்கியவர்தானே. அதை ஏன்டா எனக்கு ஒரு தடவை விளக்கிச் சொல்லவில்லை? நான் கிண்டல் செய்தபோது மனசு விட்டுப்போனதா? இல்லை, கேட்கத் தெரியாதவளிடம் சொல்லி என்ன என்று இருந்துவிட்டாயா? நீ ஒவ்வொரு கதையிலும் அதைத் திரும்பத் திரும்ப எழுதியது, என்றாவது நான் கேட்பேன் என்றுதானோ?

காப்பியை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். இந்த முழங்காலோடு! பஸ் ஸ்டாப்பில் கௌதமியைப் பிடித்தேன்.

“தப்பு என் மேலதாம்மா. பத்து பேர் முன்னாடி கேட்டேன், பத்து பேர் முன்னாடியே மன்னிப்பும் கேக்கறேன். நீ வா.”

“வேணாம் ஆன்ட்டி. அந்தக் கதைய அன்னிக்கே டெலீட் பண்ணிட்டேன். எழுதறதே வேணாம்னு விட்டுட்டேன்.”

பையிலிருந்து பிரதியை எடுத்தேன். உலகத்தில் அந்தக் கதையில் மிச்சம் இருந்தது என் சிவப்பு மை பட்ட அந்தக் காகிதம் மட்டும்தான். தெரியாமல் அடித்துவிட்ட வார்த்தைக்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைத்து, ஓரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதுவோமே, அதை அங்கேயே பஸ் ஸ்டாப் கம்பியில் காகிதத்தை அழுத்தி வைத்துச் செய்தேன். மேலே எழுதியிருந்த ‘போய் வா’வை அடித்தேன். “இதுக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டாள். “நீ எழுதினதுதான் சரின்னு அர்த்தம்” என்றேன். வாங்கி, நாலாக மடித்து வைத்துக்கொண்டாள். வருகிறேன் என்று சொல்லவில்லை.

மறுநாள் வந்தாள். கதவோரமாக உட்கார்ந்தாள். எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். சரி என்று தலையாட்டினாள், ஆனால் நான் பேனாவை எடுத்தபோதெல்லாம் அதையே முறைத்துக்கொண்டிருந்தாள். இனிமேல் சந்தேகப்படுவது அவள் முறை. பட்டுக்கொள்ளட்டும், எழுதினால் போதும்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஸ்டெல்லாவிடம் கேட்டு உன் நோட்டுகளை வாங்கி வந்திருக்கிறேன். உன் கதைகளை மறுபடியும் அச்சுக்குக் கொடுக்கப் போகிறோம். நான் அடித்த ஒவ்வொரு இடத்திலும் அந்த வார்த்தை திரும்ப வரும். புரூஃப் பார்க்கப் போவது கௌதமி. நான் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுவேன், பேனா அவள் கையில்தான்.

இன்னும் ஒரு திருத்தம் பாக்கி இருக்கிறது. அதை வேறு யாரும் செய்ய முடியாது. கல்லறையில் உன் பெட்டியைக் கயிற்றில் இறக்கினார்களே, அன்றைக்கு நானும் ஒரு பிடி மண் போட்டேன். போட்டுவிட்டு, “போய் வாடா” என்று சொன்னேன். சுரங்கத்துக்காரன் மகனைப் பூமிக்குள் இறக்கும்போதுகூட என் வாயில் அந்தத் தப்பு வார்த்தைதான் வந்தது. அதை இப்போது அடித்துவிட்டேன்.

ஏறி வாடா, ஆரோக்கியம்.

உன் கத்திரிக்கோல் அக்கா,
வசந்தா