ரவிக்கைக்காரிகள் வீடு மாறிய கதை

இன்று காலை ஒரு ரவிக்கைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். சூடு பட்ட லைனிங் துணியின் வாசம் அறை முழுக்க இருந்தது. அப்போது நம் குழுவில் ஒரு செய்தி வந்து விழுந்தது. நேற்றுத்தான் சேர்ந்த பெண், கம்பார் ஊரில் தைக்கிறவள். "அக்கா, கழுத்துல இஞ்ச் டேப் போட்ட பூனை யாருக்கா? அட்மின்னு போட்டிருக்கு. ஆனா ஒண்ணுமே பேச மாட்டேங்குது."

அந்தப் பூனை நீதான். உன் கணக்கை நாங்கள் அழிக்கவில்லை. அழிக்கிற பொத்தான் என் கையில் இருக்கிறது, ஆகவே அது நடக்கப்போவதும் இல்லை. நம்மை இங்கே கூட்டி வந்தவள் அவள்தான், போன வருஷம் தவறிவிட்டாள் என்று அந்தப் பெண்ணுக்கு இரண்டு வரி எழுதினேன். எழுதிய பிறகும் கை நிற்கவில்லை. உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் நீ பக்கத்தில் உட்கார்ந்து நடுநடுவே என்னைத் திருத்துவாய் என்று நினைத்துக்கொண்டால்தான் எனக்குச் சொல்ல வருகிறது.

நாம் சந்தித்தது ஈப்போ லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையில். மயில்கழுத்துப் பச்சைக்கு லைனிங் கேட்ட உன்னிடம் கடைக்காரர் கிளிப்பச்சையைப் போட்டு, இதுதான் அது என்று சாதித்துக்கொண்டிருந்தார். நீ துணியை வாசல் வெயிலுக்குத் தூக்கி வந்து, அங்கே நின்ற என்னிடம் நீட்டி, "நீ சொல்லு, இது மயிலா கிளியா?" என்று கேட்டாய். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் நான். கிளி என்று முனகினேன். அன்றைக்கே என் எண்ணை வாங்கிக்கொண்டாய்.

சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நீ. தோட்டம் எண்ணெய்ச் செம்பனைக்கு மாறி, தொழிலாளர் லயன் வீடுகளை இடித்த பிறகு, ஈப்போவின் புந்தோங் அடுக்குமாடிக்கு வந்து முழுநேரமும் தைத்தவள். நான் போலிடெக்னிக்கில் கணினி படித்துவிட்டு, பகலில் ஒரு கணக்கர் அலுவலகத்திலும் மாலையில் தையல் மிஷின் முன்னாலும் உட்கார்ந்திருந்தவள். எனக்கு இயந்திரம் பழக்கம், உனக்கு மனிதர்கள் பழக்கம்.

நம் பேராக் மாநிலத்தில் வீட்டிலிருந்து தைக்கும் பெண்களுக்காக நீ அந்தப் பெரிய சமூக வலைத்தளத்தில் ஒரு குழு தொடங்கி, "பேராக் ரவிக்கைக்காரிகள்" என்று பெயர் வைத்தாய். பாதிப் பேர் பெயரை மாற்றச் சொன்னார்கள். நீ கேட்கவில்லை. முதலில் கை வெட்டு, கழுத்து வெட்டு, தைக்கக் கொடுத்துவிட்டு வாங்க வராத வாடிக்கையாளர் என்றுதான் பேச்சு ஓடியது. போகப் போக மற்றதெல்லாம் வந்தது. பிள்ளைகள், மாமியார், மாதவிடாய்த் தொல்லை, கணவன். மூடிய குழு என்று எழுதியிருந்ததால் நாலு சுவருக்குள் இருக்கிறோம் என்று நினைத்தோம். ஒருத்தி கர்ப்பப்பைக் கட்டி பற்றிப் பேசிய மறுநாளே அவள் போனில் அதற்கு மருந்து விற்கும் விளம்பரம் வந்தது. சிரித்துவிட்டு விட்டோம்.

பிறகு கலைவாணி வந்தாள். அடிக்கிற கணவனை விட்டு, தெலுக் இந்தானிலிருந்து மகளோடு புந்தோங்குக்கு வந்து, உன் அடுக்குமாடியிலேயே ஒரு வாடகை அறையில் இருந்தாள். போன் எண்ணை மாற்றியிருந்தாள். தளத்தில் வேறு பெயர், முகத்துக்குப் பதில் தையல் மிஷின் படம். அவ்வளவு கவனம். ஒருநாள் மத்தியானம் அவன் அடுக்குமாடியின் கீழே மோட்டார் சைக்கிளில் வந்து நின்றான். 'இவரை நீங்கள் அறிந்திருக்கலாம்' என்று தளமே அவளுடைய புதுக் கணக்கை அவனுக்குக் காட்டியிருக்கிறது. படத்திலிருந்த மிஷினை அவளுடையது என்று அடையாளம் கண்டு, அதன் பின்னால் இருந்த ஜன்னலையும் கடைப் பலகையையும் வைத்து இடத்தைப் பிடித்துவிட்டான்.

கையிலிருந்த கத்திரிக்கோலைக் கீழே வைக்க மறந்தபடியே நீ படியிறங்கிப் போனாயாம். உன் பின்னால் அந்த மாடிப் பெண்கள் அத்தனை பேரும். அவன் போய்விட்டான். அன்றே போலீசில் புகார் கொடுத்தோம். கலைவாணியும் மகளும் உன் வீட்டுக்கு வந்தார்கள்.

ஆனால் அதைவிட மோசமாக ஒன்று நடந்தது. "நான் யார்கிட்டயும் சொல்லலியேக்கா. யாரு சொல்லியிருப்பா?" என்று அவள் கேட்டாள். குழுவில் ஒருத்தி மேல் ஒருத்திக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தெலுக் இந்தான்காரிகள் இருவரிடம் பேச்சு நின்றது. உன் முகம் அப்படி வாடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நான் உட்கார்ந்து அவள் போனை நோண்டினேன். கலைவாணி புது எண்ணைத் தன் அம்மாவுக்கு மட்டும் கொடுத்திருந்தாள். அம்மா அதைப் போனில் பதிந்துவைத்திருந்தார். அந்தத் தளம் அம்மாவின் போனில் இருந்த எண்களையெல்லாம் எப்போதோ அனுமதி வாங்கி எடுத்துக்கொண்டிருந்தது. மருமகன் போனிலும் அம்மாவின் எண் இருந்தது. இவளும் அவனும் தெரிந்தவர்கள் என்று அது கண்டுபிடித்ததற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

"யாரும் சொல்லலடி. போனுதான் சொல்லியிருக்கு" என்றேன்.

நீ நம்பவில்லை. உன் போனையே திறந்து, தளம் உன்னிடமிருந்து எடுத்து வைத்திருந்த தொடர்புகளைக் காட்டினேன். வாடிக்கையாளரை அளவோடு சேர்த்துப் பதிவது நம் எல்லாருக்கும் வழக்கம். 'சரோஜா டீச்சர் 38 முழுக்கை', 'லட்சுமி 42 பின்கொக்கி' என்று அத்தனையும் அங்கே இருந்தன. பட்டியலைக் கடைசிவரை தள்ளிப் பார்த்துவிட்டு, "சரோஜா டீச்சரோட மாரளவு அவனுங்களுக்கு எதுக்குடி?" என்று கேட்டாய். எனக்குச் சிரிப்பு வந்தது, உனக்கும் வந்தது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, நேராக அந்தத் தெலுக் இந்தான்காரிகள் இருவருக்கும் போன் போட்டு மன்னிப்புக் கேட்டாய்.

தீபாவளி வேலை முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பாத்திமா அக்காவின் தம்பி நடத்தும் உணவகத்தில் கூடினோம். நம் குழுவில் ஆரி வேலைக்குப் பேர் போனவர் பாத்திமா அக்கா. தேத்தாரேக் டீ ஆறிக்கொண்டே இருந்தது, யாரும் குடிக்கவில்லை. இங்கிருந்து போக வேண்டும் என்று நீ சொன்னதும் ஒரே இரைச்சல். வாடிக்கையாளரெல்லாம் அங்கேதானே இருக்கிறார்கள், போனால் பிழைப்பு என்ன ஆவது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

பாத்திமா அக்காதான் வழி சொன்னார். "எங்க வாப்பா கீழ கடை வெச்சிருந்தாங்க, மேல நாங்க குடியிருந்தோம். சாப்பிட வந்தவன் யாரும் மாடிப்படி ஏற மாட்டான். கடை அங்கயே இருக்கட்டும்லா. வீட்ட மட்டும் மாத்துவோம்."

அதோடு முடிந்தது விவாதம். ரவிக்கைப் படங்களும் விலாசமில்லாத விளம்பரமும் பழைய தளத்தில் இருக்கும். பேச்சு புது இடத்துக்குப் போகும்.

யார் வேண்டுமானாலும் எடுத்து நடத்தும்படி இலவசமாகக் கிடைக்கும் உரையாடல் மென்பொருள் ஒன்றை, வாடகைக்கு எடுத்த சின்ன சர்வரில் நான் ஏற்றினேன். அதில் சேரப் போன் எண் வேண்டாம், தொடர்புகளைக் கேட்காது. ஒரு பெயரும் கடவுச்சொல்லும் போதும். வேலை முடிந்ததும் நீ கேட்ட முதல் கேள்வி எனக்கு மறக்காது. "அந்தத் தளத்துக்காரன் பாக்க மாட்டான், சரி. நீ பாப்பியா?"

எனக்குச் சுருக்கென்றது. யார் வருகிறார்கள், எப்போது வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது பூட்டப்பட்டிருக்கும், என்னால் படிக்க முடியாது என்று விளக்கினேன். அதை அப்படியே எல்லாரிடமும் சொல்லச் சொன்னாய். சர்வரின் சாவி என் ஒருத்தியிடம் இருக்கக் கூடாது என்றும் சொன்னாய். இரண்டாவது சாவியைக் கலைவாணிக்குக் கொடுத்தோம். பிறகு என்னைவிட நன்றாகக் கற்றுக்கொண்டாள்.

பூனைப் படத்தை ஏற்றிவிட்டு நீதான் முதல் செய்தியைப் போட்டாய். "யாராச்சும் இருக்கீங்களா?" அதே அறையில் உன் எதிரே உட்கார்ந்திருந்த நான், இருக்கேன் என்று பதில் அனுப்பினேன். நிலவில் கால் வைத்தவர்கள் மாதிரி குதித்தோம். கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து என்ன என்று கேட்டார்.

புது இடத்தின் முகவரியைப் பழைய குழுவில் எழுத முடியாது, எழுதினால் அந்தத் தளத்துக்காரனும் படிப்பான். ஆகவே வாய் வழியாகத்தான் போக வேண்டும். ஒவ்வொருத்தியும் இன்னொருத்தியைக் கைப்பிடித்துக் கூட்டி வர வேண்டும், யாரும் விட்டுப்போகக் கூடாது என்று சட்டம் போட்டாய். போனில் சொல்லிப் புரியாதவர்களுக்கு உன் கப்சாய் மோட்டார் சைக்கிள் இருந்தது. பின்னால் நான். அந்த வாரம்போல் நான் என் வாழ்க்கையில் ஊர் சுற்றியதில்லை. தெலுக் இந்தான் பாசாரில் மீன் கடைக்கும் காய்கறிக் கடைக்கும் நடுவே நின்று மூன்று பேருக்குக் கணக்குத் திறந்து கொடுத்தோம். சுங்கை சிப்புட் சாலையில் போகும்போது செம்பனை வரிசையைக் காட்டி, "அங்கதான் எங்க வீடு இருந்துச்சி. ஆளுக்கொரு பக்கமா லாரியில ஏத்துனாங்க. யாரு எங்க போனாங்கன்னே தெரியாம போச்சிடி" என்றாய். ஒரு முறைதான் சொன்னாய். ஏன் ஒருத்தியைக்கூட விட மறுக்கிறாய் என்று அப்போது எனக்குப் புரிந்தது.

பாரிட் புந்தாரில் மட்டும் தோற்றோம். குழுவிலேயே மூத்தவர் ராஜம்மா அக்கா. வயல் ஓரத்து வீடு, கால் மிதி மிஷின். சோறு போட்டார், கருவாட்டுக் குழம்பு ஊற்றினார், நாம் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் மாட்டேன் என்று தலையாட்டிவிட்டார். "எனக்கு இதுவே இப்பத்தான் பழகியிருக்கு. இன்னொண்ணு வேணாம்லா. போன் அடிச்சா எடுக்கிறேன்." நீ வற்புறுத்தவில்லை. குழுவில் நடந்ததையெல்லாம் சொல்ல வெள்ளிக்கிழமை தோறும் ஒருத்தி அவரைக் கூப்பிடுவது என்று ஏற்பாடு செய்தாய். கலைவாணி அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

எல்லாரும் வந்து சேர்ந்த அன்று தீபாவளி ரவிக்கைப் படங்களை ஒரே நேரத்தில் ஏற்றி, சர்வர் மூச்சுத் திணறிப் படுத்துவிட்டது. எனக்கு வேர்த்து வழிந்தது. உன் போன் ஓயாமல் அடித்தது. "புது அடுப்புலா, கொஞ்சம் புகையத்தான் செய்யும்" என்று ஒவ்வொருத்தியிடமும் சொல்லிக்கொண்டே இருந்தாய். மாலைக்குள் எழுப்பிவிட்டேன். அன்றைக்கு அங்கே ஓடிய பேச்சும் கேலியும்! பழைய இடத்தில் ஒருநாளும் வாய் திறக்காதவர்கள் எல்லாம் பேசினார்கள். கலைவாணி தன் சொந்தப் பெயரில் முதல் செய்தி போட்டாள். கிளிக் கொத்து வேலைப்பாட்டுக்கு எந்த நூல் நல்லது என்று கேட்டிருந்தாள். அவ்வளவுதான். நீ அதை எனக்கு மூன்று முறை படித்துக் காட்டினாய்.

தைப்பூசம் முடிந்த வாரம் நீ மிஷின் மேலேயே சாய்ந்துவிட்டாய். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். ஈப்போ மருத்துவமனையில் கண் திறக்கவே இல்லை. அந்தப் பகுதியை எழுத எனக்கு விருப்பமில்லை, உனக்கும் கேட்க விருப்பம் இருக்காது.

ஆனால் இதை நீ கேட்டே ஆக வேண்டும். நீ போய்விட்ட செய்தியைக் குழுவில் போட என் விரல் வராமல் நான் உட்கார்ந்திருந்தபோது, கலைவாணி முதல் வேலையாக ராஜம்மா அக்காவைக் கூப்பிட்டாள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை இல்லை. நேரம் கெட்ட நேரத்தில் அவள் பெயரைப் பார்த்ததுமே ஏதோ கெட்டது என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டதாம். மறுநாள் காலை ரயிலில் தனியாக வந்து இறங்கினார். புந்தோங்கில் உன் வீட்டுப் படியில் கால் வைக்க இடமில்லை. பழைய குழுவில் யாரும் முகம் பார்த்திராத பெண்களெல்லாம், நீ அன்று சந்தேகப்பட்ட அந்த இருவரும்கூட, ஒருத்தியை ஒருத்தி பேர் சொல்லி விசாரித்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தியும் விட்டுப்போகவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு ராஜம்மா அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தன் போனை நீட்டினார். "அவ கேட்டப்ப மாட்டேன்னுட்டேன். இப்ப போட்டு விடு. ஆனா வெள்ளிக்கிழம போன மட்டும் நிறுத்திராதீங்க."

நிறுத்தவில்லை. இன்றும் நடக்கிறது.

போன வாரம் தெலுக் இந்தானிலிருந்து ஓர் அழைப்பு. சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போகும் நோயாளிகளின் குடும்பங்கள் சேர்ந்து குழு வைத்திருக்கிறார்களாம். நோயைப் பற்றி எழுதினால் போதும், கண்ட கண்ட மருந்துக்காரன் எல்லாம் விளம்பரத்தில் வந்து நிற்கிறானாம். எங்களையும் கூட்டிக்கொண்டு போகிறீர்களா என்று கேட்டார்கள். கலைவாணி உடன் வரவில்லை. அந்த ஊருக்குப் போக அவள் இன்னும் தயாராக இல்லை, நானும் கேட்கவில்லை. புந்தோங்கில் இருந்தபடியே சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

பஸ்ஸில் போனேன். கோயில் மண்டபம் நிறைய ஆட்கள். எனக்கு வழக்கம்போல் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முன்வரிசையில் ஒரு பெரியவர், கையில் ஊசி போட்ட இடத்தில் கட்டோடு, நேராகக் கேட்டார். "இதுல உங்களுக்கு என்னம்மா லாபம்?"

நான் யோசிக்கவே இல்லை. "பயப்படாம பேசலாம் அண்ணே. பேசிப் பாருங்க, அப்பறம் சொல்லுங்க" என்றேன். குரல் கூடத்தின் கடைசி வரை போய் எட்டியது. அவ்வளவு சத்தமாக நான் பேசிக் கேட்டதில்லை. யாரோ சிரித்தார்கள், அந்தப் பெரியவரும் சிரித்தார். உன் தைரியத்தில் கொஞ்சம் என்னிடம் தங்கிவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. இத்தனை நாள் நான் கவனிக்கவில்லை.

பிறகு அவர் எழுந்து வந்து தன் போனை என் கையில் வைத்தார். அவர் பின்னால் ஒரு வரிசை உருவாகிக்கொண்டிருந்தது.