‘மே’ போட்டுக் கூப்பிட்டவர்

ஜூன் 4

என் கண்ணாடிக் கடைக்காரிக்கு,

போனில் பேசினால் ‘சாப்பிட்டியா’ தாண்டுவதற்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். நான் நலம். நீ கோபமாக இருந்தாலும் நலமாக இரு.

இந்த வெளிநாட்டுக் கம்பெனியில் எங்களுக்கு மாலையில் ஆங்கில வகுப்பு வைத்திருக்கிறார்கள். டீச்சர் நம் மொழி பேசுகிறவர்தான். மஸ்ட் என்றால் கட்டாயம், மே என்றால் ‘லாம்’ என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்தார். மறுநாள் லிப்ட் குழிக்குள் வேலை பார்த்துவிட்டு மேலே ஏறி வருகிறேன், சூப்பர்வைசர் என்னைப் பார்த்து, “யூ மஸ்ட் பி டயர்ட்” என்றார். களைப்பாக இருந்தே ஆகணும் என்று உத்தரவாம்! இங்கே என்னென்ன சட்டமோ என்று பயந்து, “எஸ் சார், ஐ வில் ட்ரை” என்றேன். அன்று முழுக்கத் தள்ளாடித் தள்ளாடி நடந்தேன். கடைசியில் கம்பெனி நர்ஸ் வந்து என் நாடியைப் பிடித்துப் பார்த்தார். ‘களைச்சுப் போயிருப்பீங்களே’ என்பதற்கும் அதே மஸ்ட்தானாம். இதை முதலிலேயே சொல்லக் கூடாதா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ அங்கே, நான் இங்கே, இது என்ன குடித்தனம்? மனதில் இருப்பதை நானே ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறேன், பார்: வீ மே லிவ் டுகெதர்.

உடனே பதில் போடு.

உன் லிப்ட்காரன்


ஜூன் 13

மரியாதைக்குரிய லிப்ட் மெக்கானிக் அவர்களுக்கு,

மரியாதை கோபத்தில் வந்தது. சந்தோஷப்பட்டுக்கொள்ள வேண்டாம்.

உங்கள் ஆங்கில வரியைக் கடையில் உட்காரும் கண் டாக்டரிடம் காட்டினேன். “சேர்ந்து இருந்தாலும் இருப்போம், இல்லாமலும் போகலாம்னு எழுதியிருக்காரும்மா” என்றார். “சரியாப் பாருங்க டாக்டர்” என்றேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். அப்போதும் அதேதான்.

கட்டின பெண்டாட்டியோடு இருப்பதா வேண்டாமா என்று உங்களுக்கு இன்னும் சந்தேகமா? முதலாளி புதிதாகத் திறக்கிற கிளையை என்னையே பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். அடுத்த மாத முதல் வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். உங்கள் கடிதம் வரட்டும் என்று அவருக்குச் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். வந்தது பாருங்கள், நல்ல கடிதம்!

மேயை விட மைட்டில் நம்பிக்கை இன்னும் குறைச்சலாம், டாக்டர் சொன்னார். ஆகவே என் பதில்: ஐ மைட் கம்.

இப்படிக்கு,
கண்ணாடிக் கடைக்காரி


ஜூன் 19

என் தங்கமே,

அய்யய்யோ! நான் எழுதினது அது இல்லை!

‘நாம சேர்ந்து இருக்கலாம்’ என்று கூப்பிட்டேன். ‘வா, டீ குடிக்கலாம்’ என்கிறோமே, குடித்தாலும் குடிப்போம் என்றா அர்த்தம்? அடுத்த நிமிடம் கடையில் நிற்கிறோமே! அந்த லாமுக்கு மே வராதாம், லெட்ஸ் போடணுமாம். டீச்சர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு இப்போது சொல்கிறார். என் குடும்பம் அவருக்கு வீட்டுப்பாடமாகப் போய்விட்டது.

வேறு எழுதலாம் என்று பார்த்தால், யூ மஸ்ட் கம் என்றால் அதிகாரம் பண்ணுகிறேன் என்பாய். யூ ஷுட் கம் என்றால் புத்தி சொல்ல வந்துட்டார் என்பாய். யூ கேன் கம் என்றால், கால் இருக்கிறது, வரத் தெரியாதா என்பாய். வுட் யூ கம் என்றால், நான் என்ன அடுத்த வீட்டுக்காரியா என்பாய். எல்லாவற்றையும் அனுப்பியிருக்கிறேன். உனக்குக் கோபம் வராததாக ஒன்றை எடுத்துக்கொள், தாயே.

உன் லிப்ட்காரன்


ஜூன் 24

என் வீட்டுக்காரருக்கு,

படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். கண் பரிசோதனைக்கு வந்தவர் எழுத்தை மறந்துவிட்டு என்னையே பார்த்தார்.

ஆனால் ஒன்று கவனித்தீர்களா? மஸ்ட், ஷுட், கேன், எல்லாம் நான் வருவதைப் பற்றித்தான். ‘உனக்கு என்னம்மா வேணும்’ என்று கேட்க அந்த மொழியில் வார்த்தையே இல்லையா, உங்களுக்குத்தான் தோன்றவில்லையா?

எனக்கு அந்தக் கிளை வேண்டும். யாருக்கு எந்தப் பவர், எந்த முகத்துக்கு எந்த பிரேம் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. நீங்களும் வேண்டும். தனியாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு அலுத்துவிட்டது. இரண்டில் ஒன்றை விடு என்றால் அழுகைதான் வருகிறது.

இங்கிலீஷ் போதும். என்ன செய்வதென்று தமிழில் ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். முதலாளி காத்திருக்கிறார், நானும்தான்.

உங்கள் மனைவி


ஜூன் 28

என் கண்ணே,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேரே சூப்பர்வைசரிடம் போனேன். “ஐ மஸ்ட் கோ ஹோம்” என்றேன். “மஸ்ட் யூ?” என்றார். “நோ சார், யூ நோ மஸ்ட். ஒன்லி ஐ மஸ்ட்” என்றேன். மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தவர், என்னை விடுவிக்கும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் நிறுத்தினார்.

நீ முதலாளியிடம் சரி என்று சொல்லிவிடு. லிப்ட் நடுவழியில் நிற்காத ஊர் எங்கேயும் இல்லை. எனக்கு அங்கேயும் வேலை கிடைக்கும்.

நீ கேட்ட ஒரு வார்த்தை இதோ. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுக் கிளம்புவோமே, அந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு மறுபடி சண்டைக்கு வராதே. பெட்டி கட்டியாகிவிட்டது.

வர்றேன்.

உன் வீட்டுக்காரன்