கெடுப்பதற்கென்று வாங்கிய பெட்டி

மதினி,

காலையில் முற்றத்தில் கல் கூட்டி, மரம் ஒட்டும் வச்சிரப் பசை காய்ச்சிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சாமி கும்பிடுற வீட்டுல என்னத்தா இம்புட்டு நாத்தம்?" என்றாள். "சாமிக்குத்தான் காய்ச்சுறேன்" என்றேன். நம்பவில்லை. நீங்கள் இருந்திருந்தால் குச்சியை அவள் கையில் கொடுத்துக் கிண்டவே விட்டிருப்பீர்கள்.

நாம் இந்தப் பசை வேலையில் இறங்கிய வருஷம், ஐப்பசி மழையில் பஜனை மடத்து ஆர்மோனியத்தின் கட்டைகள் ஈரத்தில் ஊதிப்போய், அழுத்தினால் அழுத்தியபடியே கிடந்தன. மதுரைக்கு அனுப்பினால் தைக்குப் பிறகுதான் திரும்பும் என்றார்கள். பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்து பாடுவது மார்கழி ஒரு மாதம்தான். நீங்கள் பாட, புத்தகம் பார்த்துப் பழகிய நான் வாசிக்க, அதற்காகவே வருஷம் முழுக்கக் காத்திருப்போம். நாங்களே சரிசெய்கிறோம் என்று கேட்டபோது, மடத்துப் பெரியவர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"தெறந்து கெடுத்துப்புட்டீகன்னா?"

"கெடுக்கிறதுக்குன்னு ஒண்ணு வாங்கிக்கிறோம் மாமா. அதுல கை பழகின பெறகு இதைத் தொடுறோம்" என்றீர்கள். அந்த யோசனை உங்களுக்கே அந்த நிமிஷம்தான் வந்தது என்பது எனக்குத் தெரியும்.

பழைய சாமான் கடையில் இரண்டு பெட்டிகள் இருந்தன. எனக்குப் பளபளப்பானதன்மேல்தான் கண். நீங்கள் மற்றதைத் திருப்பிப்போட்டு, பலகையில் வெடிப்பு உண்டா என்று தடவினீர்கள். படுத்துக்கிடந்த கட்டைகளைத் தூக்கிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் உள்ளே சத்தம் இருக்கிறதா என்று காதை வைத்துக் கேட்டீர்கள்.

"ஆத்தா, பொண்ணு பாக்க வந்த மாதிரில்ல பாக்குறீக! நல்லதா அந்தப் பெட்டிய எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்காரர்.

"அதுல சீக்கே இல்லையே அண்ணே. சீக்கு இல்லாதத வச்சு எப்படி வைத்தியம் படிக்க?"

படித்தோமே வைத்தியம்! ஈரம் என்றால் நம் பக்கத்து ஆட்களுக்கு வேறென்ன தோன்றும்? அண்ணன் வேலை பார்த்த எஸ்டேட்டுக்கு ஜீப்பில் கொண்டுபோய், ஏலக்காய் உலர்த்தும் சூட்டறையில், காய்த் தட்டுகளுக்கு நடுவே பெட்டியை வைத்தோம். மறுநாள் கட்டைகளெல்லாம் துள்ளின. துருத்தியை அழுத்தினேன். புஸ்ஸென்றது. சூட்டில் பசை விட்டுப்போய், பலகை நெடுக வெடித்திருந்தது.

"பக்குவமா காஞ்சிருக்கு. ஏலத்துக்கு அனுப்பிரலாம்" என்றார் அண்ணன். சிரித்துச் சிரித்து நமக்கு வயிறு வலித்தது. "இதுவே மடத்துப் பெட்டியா இருந்திருந்தா?" என்று நான் கேட்டபிறகுதான் இரண்டு பேருக்கும் சிரிப்பு நின்றது.

பெட்டி வாங்கிய காசை வீட்டுக் கணக்கில் எந்தச் செலவென்று எழுத என்று அன்று கேட்டேன். "படிப்புச் செலவுன்னு எழுதுடி. நாம பள்ளிக்கூடம் போகாததுக்கெல்லாம் சேத்து" என்றீர்கள். அப்படியே எழுதினேன்.

ஆசாரியிடம் கேட்டு வச்சிரம் காய்ச்சப் பழகினோம். ஒட்டியது பிரிந்தது. பிரிந்ததை மறுபடி ஒட்டினோம். துருத்தி மூச்சு விடத் தொடங்கிய பிறகே மடத்துப் பெட்டியைத் திறந்தோம். அதை நிழலில்தான் உலர்த்தினோம். கட்டைகளின் பக்கவாட்டில் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்ததோடு சரி.

மார்கழி முதல் நாள் விடியலில் பெரியவர் ஒரு கட்டை விடாமல் அழுத்திப் பார்த்தார். அழுத்தியதெல்லாம் எழுந்தது. கடைசிக் கட்டைக்கு அவர் விரல் போனபோது நீங்கள் என் தொடையைக் கிள்ளினீர்கள். "ம், ஆரம்பிங்க" என்று பெட்டியை நம் பக்கம் தள்ளினார்.

நீங்கள் போன பிறகு வரும் இரண்டாவது மார்கழி இது. மலையிலிருந்தும் பெட்டிகள் என்னிடம் வருகின்றன. இன்று காய்ச்சிய பசை, மேலே ஒரு சர்ச்சிலிருந்து வந்த பெட்டிக்கு. மடத்தில் இன்னமும் நான்தான் வாசிக்கிறேன். உங்கள் தொண்டைக்கென்று எடுத்த சுருதியிலேயே தொடங்குகிறேன். "கொஞ்சம் எறக்குங்க மதினி, எங்களுக்கு எட்டல" என்று சின்னவர்கள் கெஞ்சுகிறார்கள். மற்ற எதற்கும் விட்டுக்கொடுத்துவிடுவேன், இதை மட்டும் இறக்குவதில்லை. மார்கழி முடிவதற்குள் அவர்களுக்கும் எட்டிவிடுகிறது.