பின்கேட்டைத் திறக்கக் கோரும் மனு

இருபத்திரண்டு மாடிகளையும் கட்டி ஆளும் சொசைட்டி செக்ரட்டரி, என் அக்கா மகள் பார்கவிக்கு,

புனேயின் மாபெரும் மும்மதப் படையின் தளபதி எழுதுவது. படை என்றால் மூன்று பேர்: கோயிலுக்கு நான், மசூதிக்கு இமாம் சாகிப், சர்ச்சுக்கு ஃபாதர். நாங்கள் நடந்து வந்தபோது லோஹேகாவ் விமான நிலையத்தில் விமானங்களே நின்று வழிவிட்டன.

நீங்கள் பின்கேட்டைப் பூட்டியதிலிருந்து, பின்னால் குடிசைகளில் இருக்கும் பஸ்தி ஜனங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகப் பூமியையே ஒருமுறை சுற்றுகிறார்கள். திறக்கச் சொல்லி மனு எழுதினோம். யார் பெயர் முதலில் என்று, "நீங்க போடுங்க", "இல்ல, நீங்க போடுங்க" என மூன்று வாரம் மரியாதை செய்துகொண்டோம். அதற்குள் உன் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் சுனந்தாவுக்கு ரிக்‌ஷாவிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. அந்த வெட்கத்தில் மூவரும் வட்டமாகக் கையெழுத்திட்டோம்.

மனுவை உன் ஆபீசுக்குக் கொண்டுவந்து தந்ததும், நீ அந்த வட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். இந்தக் கட்டடத்தில் உங்களுக்கு யாரைத் தெரியும் என்று, கமிட்டிக்காரர்கள் முன்னால், என்னிடம் இந்தியில் கேட்டாய்.

நான் மின்விசிறியைப் பார்த்தேன். அவ்வளவு அழகான மின்விசிறி தாஜ்மகாலில்கூடக் கிடையாது. "யாரையும் தெரியாது, மேடம்" என்றேன்.

வெளியே வந்ததும் இமாம் சாகிப், "அந்தப் பொண்ணு கல்யாணத்துல நான் சாப்பிட்டேனே?" என்றார். "அது வேற பொண்ணு" என்றேன்.

நாளைக் காலை பஸ்தியோடு வந்து கேட்டின் முன் உட்காரப் போகிறோம். போலீஸ் கேட்டால் என்னைத் தெரியாது என்றே சொல். அது எனக்குப் பழகிவிட்டது. பூட்டை மட்டும் திறந்துவிடு.

இப்படிக்கு,
உன் காதுகுத்துக்கு மடி கொடுத்தவன்