தர்ஷினிக்கு நான் எழுதிய இலக்கு

வியாழக்கிழமை

சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் பயிற்சிக்குப் போயிருக்கும் என் மாணவி தர்ஷினியை இன்று பார்த்துவிட்டு வந்தேன். அதிலிருந்து மனசு சரியில்லை.

போன மாதம் அவளுடைய பயிற்சி இலக்கை எழுத உட்கார்ந்தபோது, "வெள்ளைக்காரங்களோட பயமில்லாம பேசப் பழகணும் மிஸ்" என்றாள். பயத்தை எப்படி அளப்பது என்று கேட்டு அதை விட்டுவிட்டேன். எண்ணிப் பார்க்க வசதியாக, தினமும் எட்டு அறை சுத்தம் செய்ய வேண்டும் என்று எழுதினேன்.

இன்று மேனேஜர் அவளைப் புகழ்ந்தார். பத்து அறை செய்கிறாளாம். ஒரு நாளாவது ரிசெப்ஷனில் நிற்க விட்டீர்களா என்று கேட்டேன். நீங்கள் அப்படி எழுதவில்லையே என்று சிங்களத்தில் சொன்னார். உண்மைதான்.

மீதி நாட்களுக்கு ரிசெப்ஷனில் விடச் சொல்லிக் கெஞ்சினேன். சம்மதித்தார். தர்ஷினியின் விரல்கள் சோப்புத் தண்ணீரில் வெடித்திருந்தன. "புதுசா எழுதுவோம். இப்ப சொல்லு, இங்க என்ன பழக ஆசை?" என்றேன்.

"உங்களுக்குச் சரின்னு படுறத எழுதுங்க மிஸ்" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் இந்நேரம் தூங்கியிருப்பேன்.